எதிரணிக்குக் கைதட்டினால் துரோகமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மகனைச் சேப்பாக்கத்துக்கு ஐபிஎல் ஆட்டம் பார்க்கக் கூட்டிப் போயிருக்கிறீர்கள். எதிரணி பேட்ஸ்மேன் அரைசதம் போட்டதும் பையன் கைதட்டியிருக்கிறான். பின்வரிசையில் இருந்தவர் "எந்த ஊருடா நீ?" என்று அதட்டியிருக்கிறார். பையன் செய்தது தவறா, 1999-ல் பாகிஸ்தான் அணிக்குச் சென்னை எழுந்து நின்று கைதட்டியது நிஜமா ஊதிப் பெருக்கிய கதையா, நிஜம் என்றால் அந்தக் கூட்டம் இப்போது எங்கே போயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள்.

பையன் செய்தது முழுக்கச் சரி. 1999-ல் நடந்ததும் நிஜம். மூன்றாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். "அந்தக் காலத்து மக்கள் நல்லவர்கள், இந்தக் காலத்து மக்கள் கெட்டுவிட்டார்கள்" என்ற வழக்கமான பதிலை நான் ஏற்கவில்லை.

முதலில் அந்த நாளின் சூழ்நிலை. பாகிஸ்தான் டெஸ்ட் ஆட இந்தியாவுக்கு வந்து ஏறக்குறைய 12 வருடங்கள் ஆகியிருந்தன. முந்தைய மே மாதம்தான் இரண்டு நாடுகளும் அடுத்தடுத்து அணுகுண்டு சோதனை நடத்தியிருந்தன. தொடரே நடக்கக்கூடாது என்று சிவசேனா மிரட்டிக்கொண்டிருந்தது. ஜனவரி முதல் வாரத்தில் டெல்லி பெரோஸ் ஷா கோட்லா ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டார்கள். மும்பையில் கிரிக்கெட் வாரிய அலுவலகத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். டெல்லியில் நடக்க இருந்த முதல் டெஸ்ட் அதனால்தான் சென்னைக்கு வந்தது. ஜனவரி 28 அன்று ஆட்டம் ஆரம்பித்தபோது சேப்பாக்கத்தைச் சுற்றிப் போலீஸ் நிறைந்திருந்தது.

ஆட்டம் எப்படிப் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். அது தெரியாமல் அந்தக் கைதட்டலின் கனம் புரியாது. பாகிஸ்தான் 238. இந்தியா 254. பாகிஸ்தானின் இரண்டாவது இன்னிங்ஸில் அதுவரை ஒருநாள் ஆட்டக்காரர் என்றே பேசப்பட்ட ஷாகித் அப்ரிடி 141 அடித்தார். 275-க்கு 4 விக்கெட் என்று வலுவாக இருந்தவர்களை வெங்கடேஷ் பிரசாத் ஒரே வீச்சில் 286-க்குச் சுருட்டினார். ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஐந்து விக்கெட். இந்தியாவுக்கு இலக்கு 271.

நான்காம் நாள் காலை இந்தியா தடுமாறி 82-க்கு 5. கங்குலி அவுட் ஆன விதத்தில் பந்து தரையில் பட்டதா இல்லையா என்ற சந்தேகம் வேறு. கூட்டத்துக்குக் கோபப்படக் காரணம் கையில் இருந்தது, மறக்க வேண்டாம். அங்கிருந்து டெண்டுல்கரும் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன் எடுத்தார்கள். டெண்டுல்கருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிறகு குனிந்து நிமிர்ந்து, முதுகை நீட்டிக்கொண்டு, அப்படியும் பவுண்டரி அடித்துக்கொண்டிருந்தார். மோங்கியா போன பிறகு வலி தாங்காமல் அடித்தே முடித்துவிடலாம் என்று இறங்கினார். ஜெயிக்க 17 ரன்தான் பாக்கி. பாகிஸ்தானின் ஆஃப் ஸ்பின்னர் சக்லைன் முஷ்டாக் தூஸ்ரா ஒன்றை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் பந்தை, வீசினார். டெண்டுல்கர் தூக்கி அடித்த பந்து மட்டையின் விளிம்பில் பட்டு உயரே போயிற்று. மிட் ஆஃபில் பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரம் காத்திருந்து பிடித்தார். 136 ரன். அதன்பிறகு நான்கே ரன்னுக்குள் மீதி மூன்று விக்கெட்டும் போயின. ஸ்ரீநாத் தடுத்து ஆடிய பந்து உருண்டு வந்து ஸ்டம்பில் பட்டது. 258 ஆல் அவுட். 12 ரன்னில் தோல்வி.

சில நொடிகள் சத்தமே இல்லை. பாகிஸ்தான் வீரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஒரு பக்கமாக ஆரம்பித்த கைதட்டல் கேலரி கேலரியாகப் பரவி, மொத்த மைதானமும் எழுந்து நின்றது. பாகிஸ்தான் அணி மைதானத்தை ஒரு சுற்று ஓடியது. தங்கள் ஊர்க்காரர்களே தோற்றுப்போன மைதானத்தில், பகை நாடு என்று தினமும் செய்தித்தாளில் படித்த அணிக்கு, அந்தச் சுற்று முடியும்வரை கைதட்டினார்கள். வாசிம் அக்ரம் இதைப் பல பேட்டிகளில் நெகிழ்ந்து நினைவுகூர்ந்திருக்கிறார். கதை இல்லை, நடந்தது.

ஏன் நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். "சென்னை ரசிகர்கள் விவரமானவர்கள்" என்று வர்ணனையாளர்கள் சொல்லிச் சொல்லி அது பட்டம் மாதிரி ஆகிவிட்டது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்த விவரம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

இந்த ஊரில் லீக் கிரிக்கெட் பல தலைமுறைகளாக வேர் விட்டிருக்கிறது. முதல் டிவிஷனிலிருந்து கீழே கடைசி டிவிஷன் வரை ஞாயிற்றுக்கிழமையானால் ஏதோ ஒரு கல்லூரி மைதானத்தில் வெள்ளைச் சட்டை போட்டவர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். கம்பெனிகள் வேலை கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டன. இன்று எதிரே பந்து போடுகிறவர் அடுத்த வருடம் நம் டீமுக்கே வருவார். பாய் விரித்த மேட்டிங் விக்கெட்டில் நல்ல ஆஃப் ஸ்பின்னரிடம் திணறிப்போன ஒருவனுக்கு, சக்லைன் ஒரு டெஸ்டில் பத்து விக்கெட் எடுப்பது என்னவென்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆட முடியாதவர்களுக்கு வானொலி இருந்தது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், கூத்தபிரான் போன்றவர்களின் தமிழ் வர்ணனையில் கிரிக்கெட் கற்றுக்கொண்ட வீடுகள் எத்தனையோ. பந்து எங்கே விழுந்தது, எப்படித் திரும்பியது, பேட்ஸ்மேன் கால் எங்கே வைத்தார் என்று காதால் பார்க்கப் பழகினார்கள். எந்த அணியின் பந்து என்பது அதில் இரண்டாம்பட்சம்.

இரண்டாவது காரணம், அது டெஸ்ட். நாலு நாளும் வெயிலில் சிமெண்ட் படியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குக் கணக்கு தெரியும். அப்ரிடி அடித்ததைப் பார்த்தார்கள். முதல் இன்னிங்ஸில் டெண்டுல்கரை ரன் எடுக்கவிடாமல் சக்லைன் வீழ்த்தியதைப் பார்த்தார்கள். நான்காம் நாள் மதியம் டெண்டுல்கர் விளாசியபோதும் பந்தைச் சக்லைன் கையிலிருந்து பிடுங்காமல் அக்ரம் நம்பிக்கை வைத்ததையும் பார்த்தார்கள். முடிவு வந்தபோது "ஏமாற்றிவிட்டார்கள்" என்று யாராலும் மனசாட்சியோடு சொல்ல முடியவில்லை. ஜெயித்தவர்கள் உழைத்து ஜெயித்தார்கள் என்பதற்கு ஒவ்வொருவரும் நேரடிச் சாட்சி.

அதற்கு ஒன்றரை வருடம் முன்பே இதன் ஒத்திகை நடந்துவிட்டது. 1997 மே 21, இதே மைதானம், சுதந்திரக் கோப்பை. சயீத் அன்வர் 194. சென்னையின் மே மாத வெக்கையில் தசைப்பிடிப்பு வந்து, தனக்குப் பதில் ஓட அப்ரிடியை ரன்னராக வைத்துக்கொண்டு ஆடினார். கும்ப்ளேயின் ஒரே ஓவரில் அடுத்தடுத்து மூன்று சிக்ஸர். விவியன் ரிச்சர்ட்ஸின் 189 ரன் உலக சாதனை அன்றைக்கு நம் கண்ணெதிரே உடைந்தது. டெண்டுல்கர் பந்தில் கங்குலி கேட்ச் பிடித்து அன்வர் நடந்து வந்தபோது மைதானம் எழுந்து நின்றது. அன்றைக்கும் இந்தியா தோற்றது. திராவிட் தன் முதல் ஒருநாள் சதத்தை அன்றுதான் அடித்தார் என்பதைப் பலர் மறந்தேபோனார்கள், அன்வரின் ஆட்டம் அப்படி.

இப்போது இதன் மறுபக்கம். சென்னை டெஸ்ட் முடிந்து இரண்டே வாரம் கழித்து, அதே பாகிஸ்தான் அணி கொல்கத்தாவில் ஆடியது. ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டம். நான்காம் நாள் மூன்றாவது ரன்னுக்கு ஓடிய டெண்டுல்கர் ஷோயப் அக்தர் மேல் இடித்து, கோட்டைத் தொட்ட மட்டை காற்றில் எழும்பி, அந்த நொடியில் ஸ்டம்ப் பெயர்ந்தது. ரன் அவுட். ஈடன் கார்டன்ஸ் கொதித்தது. பாட்டில்கள் பறந்தன. டெண்டுல்கரே எல்லைக்கோட்டைச் சுற்றி நடந்து கூட்டத்தை அமைதிப்படுத்த வேண்டியிருந்தது. மறுநாள் மறுபடியும் கலாட்டா. கடைசியில் போலீஸ் கேலரிகளைக் காலி செய்து, காலி மைதானத்தில்தான் ஆட்டம் முடிந்தது. பாகிஸ்தானுக்கு 46 ரன் வெற்றி. ஸ்ரீநாத் அந்த டெஸ்டில் 13 விக்கெட் எடுத்திருந்தார். நம் பந்துவீச்சாளர் ஒருவரின் வாழ்நாள் சாதனை நிகழ்ந்த ஆட்டத்தை வாழ்த்தி வழியனுப்பக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. 1996 உலகக்கோப்பை அரையிறுதியில் இதே மைதானத்தில் இந்தியா 120-க்கு 8 என்று இருந்தபோது பாட்டில் வீச்சால் ஆட்டம் நிறுத்தப்பட்டு, இலங்கைக்கு வெற்றி அளிக்கப்பட்டதும் நினைவிருக்கும்.

கொல்கத்தா மோசம், சென்னை உசத்தி என்று இதை முடித்துவிட முடியாது. கிரிக்கெட்டை அவ்வளவு நேசிக்கும் ஊர் கொல்கத்தா. சென்னையின் கதையிலும் 2013 இருக்கிறது. இலங்கைப் போரின் கடைசிக் கட்டத்தில் தமிழர்களுக்கு நேர்ந்ததைக் கேட்டு மாணவர்கள் வீதிக்கு வந்த நேரம். இலங்கை வீரர்களோ நடுவர்களோ இருந்தால் சென்னையில் ஐபிஎல் நடத்த அனுமதியில்லை என்று மாநில அரசு சொன்னது. அந்த வருடம் எந்த அணியின் இலங்கை வீரரும் சேப்பாக்கத்தில் ஆடவில்லை. சென்னை அணியின் குலசேகராவுக்கும் அதே நிலைதான். அந்தக் கோபத்தின் நியாயத்தை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சுமக்க வேண்டியவர்கள் ஆட்டக்காரர்களா என்பதில் எனக்கு அன்றும் உடன்பாடு இல்லை, இன்றும் இல்லை. பத்து வருடம் கழித்து அதே மைதானத்தில் சென்னையின் மஞ்சள் சட்டை போட்ட இலங்கை வீரர்கள் தீக்ஷனாவையும் பதிரனாவையும் ரசிகர்கள் எப்படிக் கொண்டாடினார்கள் என்று பார்த்திருப்பீர்கள். பதிரனா யார்க்கர் போட ஓடி வந்தபோது எழுந்த ஆரவாரத்தில் அவர் எந்த நாட்டுக்காரர் என்ற கேள்வி யாருக்கும் வந்ததில்லை.

ஆக, ஒரே ஊர் இரண்டு விதமாகவும் நடந்துகொள்ளும். ஆட்டத்தைப் பார்க்க வந்த கூட்டமா, முடிவை வாங்கிக்கொண்டு போக வந்த கூட்டமா என்பதுதான் வித்தியாசம். முடிவுக்காக மட்டும் வருகிறவருக்கு அது கிடைக்காத நாளில் கைதட்ட ஒன்றுமே மிச்சமிருக்காது. ஆட்டத்துக்காக வருகிறவருக்குத் தோற்ற நாளிலும் பார்த்தது மிச்சமிருக்கும்.

இதற்கு நான் காட்டும் ஆதாரம், எதிரணியை ஏசிப் பழகியவர்கள் சொந்த வீரர்களை என்ன செய்கிறார்கள் என்பது. 2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தானிடம் பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்ற இரவு, முகமது ஷமியை அவர் மதத்தைச் சொல்லிச் சமூக வலைத்தளங்களில் தூற்றினார்கள். கேப்டன் கோலி வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டிவந்தது. அடுத்த வருடம் ஒரு கேட்ச் விட்டதற்காக அர்ஷ்தீப் சிங் பட்டதும் அதே பாடுதான். 2024-ல் மும்பை அணிக்குக் கேப்டனாக வந்த ஹர்திக் பாண்டியாவை அவர் சொந்த மைதானமான வான்கடேயிலேயே கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். டாஸ் போடும் நேரத்தில் வர்ணனையாளர் மஞ்ச்ரேக்கர் மைக்கில் "ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள்" என்ற பொருள்பட அதட்டினார். ஜூன் மாதம் டி20 உலகக்கோப்பை இறுதியில் கடைசி ஓவரை வீசி ஜெயித்துக்கொடுத்த அதே ஹர்திக் ஜூலையில் வான்கடேவுக்கு வந்தபோது, அதே மைதானம் அவர் பெயரைச் சொல்லிக் கூவியது. எதிரியைக் கண்ட இடத்தில் ஏச வேண்டும் என்று பழகியவருக்கு எதிரி இல்லாத நாளில் நம்மவரே எதிரியாகிறார். உங்கள் மகனை அதட்டியவர் தன் அணிக்கு விசுவாசம் காட்டுவதாக நினைத்திருப்பார். அந்த மனநிலை அணிக்கே நல்லதில்லை.

சேப்பாக்கத்திலும் மென்மையாக இது நடக்கிறது. தோனியைக் களத்தில் பார்க்கும் ஆசையில், ஆடிக்கொண்டிருக்கும் சென்னை வீரர் அவுட் ஆனால் மகிழ்ச்சிக் கூச்சல் எழுகிறது. 2023 மே மாதம் ஆட்டநாயகன் விருது வாங்கியபோது ஜடேஜா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்: நான் பேட்டிங் வரிசையில் மேலே இறங்கினால் நான் அவுட் ஆக வேண்டும் என்று காத்திருப்பார்கள் என்று. அவர் சிரித்தார், எனக்குக் கஷ்டமாக இருந்தது. தோனி மேல் உள்ள அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிரீஸில் நிற்பவனின் உழைப்பு கண்ணுக்கே தெரியாமல் போவது நல்ல ரசனை இல்லை.

ஐபிஎல் வந்து எல்லாம் கெட்டுவிட்டது என்பார்கள். பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஐபிஎல்தான் ஆஸ்திரேலியரையும் இலங்கையரையும் ஆப்கானியரையும் நம் வீட்டுப் பிள்ளையாக்கியது. 2023 உலகக்கோப்பையில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானை ஆப்கானிஸ்தான் எட்டு விக்கெட்டில் வென்ற இரவு, ரஷீத் கானின் அணிக்கு எழுந்த ஆரவாரத்தில் அந்தப் பழக்கத்தின் பங்கு நிச்சயம் உண்டு. ஆனால் ஒரு தீமையும் சேர்ந்தே வந்தது. எப்போது கத்த வேண்டும், யாருக்குக் கத்த வேண்டும் என்பதை ஒலிபெருக்கிக்காரர் முடிவு செய்கிறார். நம் பேட்ஸ்மேன் பவுண்டரி அடித்தால் பாட்டு, ஊதல், நெருப்பு. எதிரணி பவுண்டரி அடித்தால் ஒரு சத்தமும் இல்லை. பத்து வருடம் இதையே கேட்டு வளர்ந்த பிள்ளை, எதிரணி அடிப்பது கைதட்டக் கூடாத விஷயம் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

அதன் உச்சத்தை அகமதாபாத்தில் பார்த்தோம். 2023 அக்டோபர் 14, இந்தியா-பாகிஸ்தான் ஆட்டம். பாகிஸ்தான் ரசிகர்களுக்கு விசா கிடைக்காததால் மைதானம் முழுவதும் ஒரே நிறம். அவுட் ஆகி நடந்து வந்த பாகிஸ்தான் வீரர் ரிஸ்வானை நோக்கி மத கோஷம் எழுப்பினார்கள். அடுத்த மாதம் அதே மைதானத்தில் இந்தியா-ஆஸ்திரேலியா இறுதிப்போட்டி. பெருங்கூட்டம் வாயடைத்துப் போவதைக் கேட்பதைவிடத் திருப்தி வேறில்லை என்று முந்தின நாளே ஆஸ்திரேலியக் கேப்டன் பாட் கம்மின்ஸ் சொல்லியிருந்தார். டிராவிஸ் ஹெட் 137 அடித்து அதை நடத்திக் காட்டினார். கம்மின்ஸ் கோப்பையை வாங்கும்போது இருக்கைகள் பெரும்பாலும் காலி. வருத்தம் இருந்திருக்கும், புரிகிறது. 1999-ல் சென்னையிலும் வருத்தம் இருந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே பழக்கம் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. 2004 மார்ச் 13, கராச்சி. இந்தியா 349, பாகிஸ்தான் 344. கடைசி ஓவரை நெஹ்ரா வீச, இந்தியா ஐந்து ரன்னில் ஜெயித்தது. இன்சமாமின் 122 வீணாகியும் கராச்சிக் கூட்டம் எழுந்து நின்று இந்திய அணிக்குக் கைதட்டியது. அந்தச் சுற்றுப்பயணத்தில் பாகிஸ்தான் ரசிகர்களின் செல்லப்பிள்ளை யார் தெரியுமா? நம்ம சென்னைப் பையன் லக்ஷ்மிபதி பாலாஜி. அவர் சிரிப்பும், ஷோயப் அக்தர் பந்தைத் தூக்கி அடித்த சிக்ஸரும் அங்கே இன்னும் பேசப்படுகின்றன.

கேலி செய்வதே தப்பா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் ஃபீல்டரைச் சீண்டுவது கேலரியின் உரிமை. கேட்ச் விட்டவனை நக்கலடிக்கலாம், நம் பந்துவீச்சாளர் ஓடி வரும்போது தாளம் போட்டு எதிரணி பேட்ஸ்மேனைப் பதற்றப்படுத்தலாம். நிறம், மதம், சாதி, வீட்டுப் பெண்கள் என்று போனால் அது கேலி இல்லை. 2021 ஜனவரியில் சிட்னியில் ஃபைன் லெக்கில் நின்ற சிராஜை நோக்கி இப்படித்தான் கத்தினார்கள். அவர் பொறுத்துப் போகாமல் நடுவரிடம் சொன்னார். ஆட்டம் நின்றது, ஆறு பேரைப் போலீஸ் வெளியேற்றியது, ஆஸ்திரேலிய வாரியம் மன்னிப்புக் கேட்டது. நம் கேலரியிலும் அந்த மாதிரி காதில் விழுந்தால் கீழே நிற்கும் ஊழியரிடம் வரிசை எண்ணைச் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூட்டத்தைத் திருப்புவது நாம் நினைக்கிற அளவு கடினமும் இல்லை. 2019 உலகக்கோப்பையில் ஓவல் மைதானத்தில், பந்தைச் சேதப்படுத்திய வழக்கில் தண்டனை முடிந்து வந்த ஸ்டீவ் ஸ்மித்தை இந்திய ரசிகர்கள் கூச்சலிட்டு அவமதித்தபோது, பேட்டிங் ஆடிக்கொண்டிருந்த கோலி அந்தப் பக்கம் திரும்பி, கூச்சலை நிறுத்திக் கைதட்டுங்கள் என்று சைகை காட்டினார். அதற்காக அந்த வருடத்தின் ஐசிசி ஆட்ட உணர்வு விருது அவருக்குக் கிடைத்தது. ஒரு கேப்டனால் முடிந்தது மைக் பிடித்திருப்பவராலும் முடியும். எதிரணி வீரர் சதம் அடித்தாலோ ஐந்து விக்கெட் எடுத்தாலோ அவர் பெயரை ஒலிபெருக்கியில் மரியாதையோடு சொல்லிக் கைதட்டக் கேட்பதற்கு மாநிலச் சங்கத்துக்கும் அணி நிர்வாகத்துக்கும் ஒரு பைசா செலவில்லை. அடுத்த சீசன் டிக்கெட் வாங்கும்போது இதை எழுதிக் கேளுங்கள், நானும் எழுதுகிறேன். முடிந்தால் பையனை இந்த வருடம் ஒரு ரஞ்சி ஆட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். கூட்டம் குறைவாக இருக்கும், பாட்டு இருக்காது, பந்து மட்டையில் படும் சத்தம் கேட்கும். எதிரணியின் ஸ்பின்னர் காலையிலிருந்து மாலை வரை ஒரே முனையிலிருந்து வீசுவதை அவன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கட்டும்.